அடியில் ஒட்டிய எச்சரிக்கை

2022 தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, வானொலி நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து புலனத்தைத் திறந்தேன். வாழ்த்துப் படங்களுக்கு நடுவே ஒரு குரல் பதிவு. "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. நாங்களும் கோவப்படல. ஆனா உங்களுக்குத் தெரியணும்னு நெனச்சேன்." அதன் கீழே மூன்று படங்கள்.

முதல் படத்தில் இரண்டாகப் பிளந்த கண்ணாடிக் குவளை. இரண்டாவதில், சாமி மேடையை ஒட்டிய மரப்பலகையில் ஒரு தட்டளவுக்குக் கறுப்பு. மூன்றாவது, காலமான ஒரு பெரியவரின் படம். சட்டத்தின் கீழ்ப்பக்கம் கருகியிருந்தது. போட்டிருந்த பிளாஸ்டிக் மாலை உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிளந்த குவளையில் மிச்சமிருந்த லேபிளில் என் வியாபாரப் பெயர் பொன்னிற எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டில் மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன் என்பது என் நேயர்களில் பலருக்குத் தெரியாது. ஒலிவாங்கியின் முன் சொந்த வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பது நிலையத்தின் விதி. சரியான விதிதான். ஆகவே இத்தனை நாளும் முகநூல், இன்ஸ்டாகிராம், தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் என்றே ஓடியது.

தொடங்கியது 2020 மார்ச் 18-க்குப் பிறகு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த நாள்களில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வந்தவர்களில் நானும் ஒருத்தி. காலையில் நான்கு மணி நேரம் மக்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குத் தூக்கம் வராது. இரவில் யூடியூப் பார்ப்பேன். அப்படித்தான் ஒரு பெண் உருக்கிய மெழுகைக் குவளையில் ஊற்றுவதைப் பார்த்தேன். சத்தமே இல்லாத வேலை. நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவளுக்கு அது போதாதா?

என் அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "லிலின் எதுக்கு வீட்டுக்குள்ள? கரண்டு போனா கொளுத்துறது அது" என்றார். அவர் வளர்ந்தது ஜெனரேட்டர் மின்சாரத்தில் ஓடிய தோட்டத்து லயம். இரவில் குறித்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான், மெழுகுவர்த்திதான். எங்கள் குடும்பம் காசு கொடுத்து, விரும்பி மெழுகுவர்த்தி வாங்கியது என்றால் அது புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத்தில், ஜூலை மாதத் திருவிழாவில் மட்டும்தான். நாங்கள் இந்துக்கள். ஆனாலும் பாட்டி ஒரு நேர்த்திக்கடனுக்காக அங்கே போய்வந்தார். அது பெரிய கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

மெழுகுவர்த்தி எளிய வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். சோயா மெழுகைச் சட்டிக்குள் சட்டி வைத்து 80 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும், வாசனை எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்க வேண்டும், 60 பாகை அளவுக்கு இறங்கியதும் ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் என்றார்கள். முதல் ஆறு மாதத்தில் நான் ஊற்றியதில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது.

திரி மெலிதாக இருந்தால் நடுவில் மட்டும் கிணறு தோண்டியதைப் போல எரிந்து இறங்கும். சுற்றிலும் மெழுகு சுவராக நிற்கும். திரி தடித்தால் சுடர் தாண்டவம் ஆடும், குவளையின் வாய் கறுத்துவிடும். ஒரே திரி, ஒரே குவளை, வாசனை எண்ணெயை மட்டும் மாற்றினாலும் எரியும் விதம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு வாசனைக்கும் தனித்தனியே சோதனை: நான்கு மணி நேரம் எரியவிடு, அணை, ஆறவிடு, திரியை அரை செண்டிமீட்டருக்கு வெட்டு, மறுபடி ஏற்று. குவளையின் அடி தெரியும் வரை இப்படியே. ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க நேரமும் எடையும் எழுதி வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டுக்குக்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

நம் ஊர் வெயில் வேறு. குளிர்நாட்டுக்காரர்கள் காட்டுகிற வழவழப்பு நமக்குச் சட்டென்று வராது. மதியம் மூடிய காரில் வைத்தால் சோயா மெழுகு குழைந்துவிடும். மேலே எண்ணெய் வியர்வைபோலத் துளிர்க்கும். பினாங்குக்கு அனுப்பிய ஒரு பெட்டி, மெழுகெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த நிலையில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் செம்பனை மெழுகைக் கொஞ்சம் கலந்து பார்த்தேன். அது கெட்டியாக நின்றது. பாட்டி வேலைசெய்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். அதன் எண்ணெயை அவர் சமையலுக்குப் பயன்படுத்தினார். பேத்தி திரி போட்டு விற்கிறாள்.

புகை ஏன் வருகிறது என்று தேடியபோதுதான் மைக்கேல் ஃபாரடே பற்றித் தெரிந்துகொண்டேன். 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், இளையவர்களுக்காக அவர் ஆறு சொற்பொழிவுகள் ஆற்றியிருக்கிறார். ஆறுக்கும் ஒரே தலைப்பு: மெழுகுவர்த்தி. எரிவது திரியல்ல, உருகிய மெழுகுமல்ல. அது ஆவியாகித்தான் எரிகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூடு அதிகமானால் ஆவி அதிகம். காற்று போதாமல் முழுதாக எரியாதது கரியாகிறது. முன்னமே படித்திருந்தால் மூன்று கிலோ மெழுகு மிஞ்சியிருக்கும்.

2021-இல் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிவு செய்தேன். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். நான் 60 கட்டினேன். பெயர் வைப்பதில்தான் எனக்குக் கர்வம்.

இப்போது லேபிள்.

ஊடகவியல் படித்தவள், விளம்பர வாசகம் எழுதத் தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. மழை வாசனைக்கு 'மான்சூன் மெமரீஸ்', மல்லிகைக்கு 'மிட்நைட் ஜாஸ்மின்', சந்தனத்துக்கு 'டெம்பிள் டஸ்க்' என்று பெயர் சூட்டினேன். எல்லாம் ஆங்கிலத்தில், கொடிபோல வளையும் பொன்னெழுத்தில். பார்த்தவர்கள் "வெளிநாட்டுச் சரக்கு மாதிரியே இருக்கு" என்றார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு நேயர்களோடு நல்ல தமிழில் பேசுகிறவள்தான், மதியம் வீட்டில் உட்கார்ந்து இதை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். குவளைப் பெட்டியில் 250 மில்லி லிட்டர் என்று போட்டிருந்தது. நான் யோசிக்காமல் லேபிளில் 250 கிராம் என்று அச்சடித்துவிட்டேன். அந்தக் குவளை கழுத்து வரை கொள்ளும் மெழுகு 200 கிராம்தான். மில்லி லிட்டர் கொள்ளளவு, கிராம் எடை; பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தது. மூன்று மாதம் கழித்து, தராசில் வைத்துப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் கேட்டபோதுதான் முழித்தேன். நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம் இருக்கிறது. பொருளின் அளவைத் தவறாகச் சொல்வது அதில் குற்றம். மிச்சமிருந்த லேபிள்களை அன்றே கிழித்துப் போட்டேன். அதோடு '100 விழுக்காடு இயற்கை' என்ற வரியும் போனது. மெழுகு செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் அதில் நான் ஊற்றும் வாசனை எண்ணெய் ஆய்வகத்தில் பிறந்தது.

எச்சரிக்கை வாசகம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. அயல்நாட்டு மெழுகுவர்த்திகளைப் பார்த்து எழுதியது: பார்வையில் வைத்திருங்கள், பிள்ளைகளுக்கும் செல்லப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள், தீப்பற்றும் பொருளுக்குப் பக்கத்தில் வேண்டாம், ஒரே தடவையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள், அடியில் ஒரு செண்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில். முன்பக்கத்தில் வைத்தால் அழகு கெடுகிறது என்று, வட்டமான ஸ்டிக்கராக அச்சடித்துக் குவளையின் அடியில் ஒட்டினேன்.

அடியில். அதைப் படிக்க வேண்டுமானால் குவளையைத் தலைகீழாகத் தூக்க வேண்டும். எரிகிற மெழுகுவர்த்தியை யார் தலைகீழாகத் தூக்குவார்கள்?

படங்கள் வந்த அன்று மாலையே கிள்ளானுக்குப் போனேன். போகாமல் பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், 35 ரிங்கிட்தான். ஒரு தோழி அப்படித்தான் சொன்னாள்: "போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." ஆயிடட்டும் என்று கிளம்பினேன்.

அந்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. மகள் தீபாவளிப் பரிசாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். "ரேடியோல பேசுதே அந்தப் பிள்ள செஞ்சது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். என் குரலைத் தினமும் கேட்கிறவர் அவர். ஆகவே அதை அலமாரியில் வைக்காமல், தீபாவளிக்கு முதல் நாள் மாலை, படையல் போட்டபோது கணவர் படத்தின் முன் ஏற்றிவிட்டார். மறுநாள் முழுக்க எரிந்திருக்கிறது. "ஐயா படத்துக்கு முன்னால ஏத்துனத எப்படிம்மா அணைக்கிறது? அதுவா அடங்கட்டும்னு விட்டுட்டேன்." இரண்டாம் இரவும் எரிந்திருக்கிறது. முப்பது மணி நேரத்துக்கு மேல், திரி வெட்டாமல். விடியற்காலையில் மெழுகு அடிமட்டத்துக்கு வந்து, சுடரின் சூடு நேராகக் கண்ணாடியில் இறங்கிக் குவளை வெடித்திருக்கிறது.

அவர் கூடத்திலேயே படுத்திருந்ததால் சத்தம் கேட்டு எழுந்தார். தண்ணீரை எடுக்கவில்லை. தரை துடைக்க வைத்திருந்த ஈரத் துணியை அப்படியே மேலே போட்டு அமுக்கிவிட்டார். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றியிருந்தால் குபீரென்று மேலே எழும்பியிருக்கும். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்ததைப் போலத்தான். அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்து அடுப்படியில் பழகிய கை.

நான் வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கலக்கினார். பிளந்த குவளையை நாளிதழில் சுற்றி எடுத்து வைத்திருந்தார். அடிப்பாகத்தைக் காட்டி, "இதுல என்னமோ வட்டமா எழுதியிருந்துச்சு. பூ வரைஞ்சிருக்குன்னு நெனச்சேன். என்னம்மா எழுதியிருக்க? படி" என்றார்.

படித்தேன். ஒவ்வொரு வரியாக, ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொன்னேன். செய்தி வாசிக்கிற குரல் தானாக வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு எட்டாமல், நான்கு மணி நேரத்துக்கு மேல், ஒரு செண்டிமீட்டர் மிஞ்சும்போது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "இதத் தமிழ்ல எழுதியிருந்தா நான் படிச்சிருப்பேனேம்மா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். தினமும் பேப்பர் படிக்கிறேன்" என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதனால்தான் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. கருகிய சட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு சட்டம் போட்டுத் தருகிறேன் என்றேன். படத்தின் கீழ்மூலை பழுத்துப் போயிருந்தது. அது ஒன்றுதான் பெரிய அளவில் இருக்கும் படமாம். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி எடுத்தது. அவர் வற்புறுத்தவில்லை, நானாகவே ஒரு புகைப்படக் கடையில் கொடுத்துச் சீர்படுத்தி, பதினைந்து நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டையின் ஓரத்தைத்தான் கணினியில் வரைந்தார்கள்.

அந்தப் பதினைந்து நாளும் ஒரு குவளைகூட விற்கவில்லை. லேபிளைத் திருத்தி எழுதினேன்.

தமிழ் என் தொழில். முப்பது வினாடி விளம்பரத்தில் சோப்பையும் சொல்லி, விலையையும் சொல்லி, சிரிக்கவும் வைப்பேன். ஆனால் ஏழு செண்டிமீட்டர் அகல லேபிள் என்னைப் படாதபாடு படுத்தியது. முதலில் எழுதியது இது: 'எரியும் மெழுகுவர்த்தியைக் கவனிப்பாரின்றி விடுதல் தவிர்க்கப்பட வேண்டும்.' என் அம்மாவிடம் காட்டினேன். "இது யாருக்கு? போம்பாவுக்கா?" என்றார். அடுத்து: 'பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள்.' இதற்குத் தலையாட்டினார். 'தூங்கும் முன் அணைத்துவிடுங்கள்' என்ற இடத்தில் மறுபடி நிறுத்தினார்.

"விளக்க அணைன்னு சொல்லலாமா? குளிர வைன்னுதான சொல்லுவோம்."

கிள்ளான் அம்மா சொன்னதும் அதுதானே? எப்படி அணைப்பது என்றுதானே கேட்டார். நம் வீடுகளில் விளக்கை ஊதி அணைப்பதில்லை. குளிர வைப்போம், மலையேற்றுவோம். ஊதாதே என்று கேட்டு வளர்ந்தவரிடம் அணைத்துவிடு என்று எந்த மொழியில் எழுதினாலும் கை போகாது. ஆனால் மூடியைப் போட்டால் சுடர் தானாக அடங்குகிறது. ஊத வேண்டியதில்லை, புகையும் குறைவு, உருகிய மெழுகு தெறிப்பதுமில்லை. மூடி ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது. தூசி விழாமலிருக்கத்தான் கொடுத்தேன். மரத்தில் இருந்ததை உலோக மூடியாக மாற்றினேன். குவளைக்கு ஒரு ரிங்கிட் கூடுதல் செலவு. 'மூடியைப் போட்டுக் குளிர வையுங்கள்' என்று எழுதினேன்.

எழுதிய வேகத்தில் பத்துக் குவளை போனது. ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "அக்கா, குளிர வைக்கணும்னா ஃபிரிட்ஜ்ல வைக்கணுமா?" சிரித்துவிட்டு யோசித்தேன். அவள் கேட்டதில் தவறில்லை. அவள் வீட்டில் அந்தச் சொல்லே புழங்கவில்லை. இப்போது வரி இப்படி இருக்கிறது: 'தூங்கும் முன், வெளியே போகும் முன், மூடியைப் போட்டுச் சுடரைக் குளிர வையுங்கள்.' சுடரை என்ற சொல்லைச் சேர்த்ததும் ஃபிரிட்ஜ் போய்விட்டது.

அச்சில் வேறொரு கூத்து. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன். மாதிரித் தாளை எடுத்துக் காட்டிய சீனக் கடைக்காரர், "இது சரிதானா? உங்கள் படத்தில் இந்தச் சுருள் முன்னால் இருந்தது, இங்கே பின்னால் இருக்கிறது" என்று மலாயில் கேட்டார். பார்த்தால் 'மெழுகு' என்பதில் கொம்பு மகரத்துக்குப் பின்னால் நின்றது. 'போட்டு' மூன்று துண்டாகக் கிடந்தது. அவர் கணினிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. ஒரு தமிழெழுத்தும் தெரியாதவர், கண்ணால் ஒப்பிட்டே கண்டுபிடித்தார். நானாக இருந்தால் அவசரத்தில் ஆயிரம் அச்சடித்துவிட்டுத்தான் பார்த்திருப்பேன். எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்பினேன், சரியாக வந்தது. வீட்டு வியாபாரம் செய்கிற அக்காமார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரித் தாளைக் கையில் வாங்கி, வாய்விட்டுப் படிக்காமல் அச்சுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

இப்போது என் லேபிளில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. எச்சரிக்கை குவளையின் முதுகில், நின்ற இடத்திலிருந்தே படிக்கிற அளவில். உள்ளே என்ன இருக்கிறது, நிகர எடை 200 கிராம், எந்தத் தேதியில் ஊற்றியது, என் தொலைபேசி எண் ஆகியவையும் உண்டு. பொன்னெழுத்து போய்விட்டது, தமிழை அந்த அளவில் பொன்னில் அச்சடித்தால் புள்ளிகள் அடைத்துக்கொள்கின்றன. சிலர் "முன்ன இருந்த லுக் இல்லையே" என்றார்கள். இல்லைதான். பரிசுக்கு வாங்கும் இரண்டு கடைகள் நிறுத்திவிட்டன. அது கொஞ்சம் வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். 'டெம்பிள் டஸ்க்' இப்போது 'சந்தனம்'.

கிள்ளான் அம்மாவுக்குப் புதிய லேபிளோடு ஒன்று கொடுத்திருந்தேன். ஐயா படத்துக்கு எண்ணெய் விளக்குதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். இதை டிவி அலமாரியில் வைத்திருந்தார். சில மாதம் கழித்து, இடி மழைக்குப் பிந்திய ஓர் இரவில் அழைத்தார்.

"கரண்டு போயிருச்சும்மா. ஒன்னோடத ஏத்துனேன். பக்கத்துலயே உக்காந்து கோப்பி குடிச்சேன். கரண்டு வந்ததும் மூடி போட்டுட்டேன். எழுதியிருக்கிற மாதிரியே."

நன்றி சொன்னேன்.

"ஆனா ஒன்னு. மல்லின்னு எழுதியிருக்க. மல்லி வாசன இல்லம்மா அது."

ஒரு தட்டு மல்லியைத் தினமும் சந்தையில் வாங்கிக் கட்டுகிற கை அது. எதிர்த்துப் பேச முடியுமா? அடுத்த அச்சுக்கு 'மல்லிகை' என்பதை அடித்துவிட்டு, 'மல்லிகை சாயலில் வாசனை எண்ணெய் சேர்த்தது' என்று எழுதி அனுப்பினேன். கடைக்காரர் மாதிரித் தாளை நீட்டி, இந்த முறை எழுத்து கூடிவிட்டதே என்று கேட்டார்.